மூன்றாம் வளைவில் மேயும் கைபேசிகள்

எங்கள் சிற்றூரிலிருந்து நாள்தோறும் காலை எட்டு மணிக்கு இரண்டு மந்தைகள் புறப்படும். ஒன்று ஆட்டு மந்தை. அது காட்டுக்குப் போகும். மற்றொன்று கைபேசி மந்தை. அது ஜீப்பில் ஏறி மலைப்பாதையின் மூன்றாம் வளைவுக்குப் போகும்.

புதூர்நாட்டைச் சூழ்ந்த சிற்றூர்களுள் எங்களுடையது மலைமேல் ஒரு பள்ளத்தில் அமைந்தது. ஊரார் ‘டவர்’ என்று வழங்கும் அந்தக் கண்காணாப் பொருள் எங்கள் தலைக்கு மேலே பறந்து செல்லுமேயன்றி, இறங்கி வந்து எவரையும் நலம் விசாரிக்காது. மூன்றாம் வளைவில் மட்டும் அது நிறைவாகக் கிடைக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒற்றையடிப் பாதையில் வந்து சேரும்வரை ஜீப் அங்கே முக்கால் மணி நேரம் நிற்பது வழக்கம். புளி மூட்டைகளுக்கும் பலாப்பழங்களுக்கும் போக ஜீப்பில் மனிதருக்கே இடம் அரிது. கைபேசியோ உள்ளங்கை அளவுதான். ஆதலால் ஓட்டுநர் ஒரு நாள், “நான் எப்படியும் போறவன் தானே, குடுங்க, காட்டிட்டு வர்றேன்” என்றார். அன்று தொடங்கிய வழக்கம் இது. இளையோர் தங்கள் செய்திகளையும் படங்களையும் வீட்டிலிருந்தே ‘அனுப்பு’ என அழுத்தி, கைபேசியைப் பள்ளிக்கூடப் பை ஒன்றில் இடுவர். அவை வளைவை அடைந்ததும் தாமாகவே புறப்பட்டுவிடும். வரவேண்டியவையும் அங்கேயே வந்து நிறையும். பை நண்பகலில் திரும்பும். எந்த ஆடு யாருடையது என்பதற்குக் காதில் அடையாளம் இடுவதைப்போல, ஒவ்வொரு கைபேசியிலும் ஒரு நிற நூல் கட்டியிருக்கும்.

நான் கண்ணமங்கலத்தைச் சொந்த ஊராகக் கொண்டவன். தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். வேலூர்ப் பக்கத்து வெயிலை அறிந்தவர்கள், நானும் என் மனைவியும் ஏன் மலையேறினோம் என்று கேட்கமாட்டார்கள். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் சாமையும் புளியும் விளைவிக்கும் உழவர். அவருடைய மகளுக்கு இருபத்திரண்டு அகவை. வேலூரில் விடுதியில் தங்கிக் கணிதத்தில் பட்டம் பெற்றவள். அந்தப் படிப்பு முழுவதும், ஊர் திரும்பிய இந்த இரண்டு ஆண்டுகளாக, விருப்பக்குறிகளை எண்ணுவதற்கே பயன்பட்டு வந்தது.

அவளுக்கு இணையத்தில் ஒரு படப்பக்கம் உண்டு. அதில் உள்ள பெண்ணை நான் நேரில் கண்டதில்லை. அப்பெண்ணின் நிறம் பாலாடை. மூக்கு, உளியால் செதுக்கியது. எங்கள் பெண் என்றே நாங்கள் கருதும் இவள் எட்டு வயதில் பலாமரத்திலிருந்து விழுந்து பெற்ற இடப்புருவத் தழும்பு, படத்துப் பெண்ணுக்கு இல்லை. அவள் மரமேறும் குடியில் பிறந்தவளாகவே தோன்றவில்லை. பின்புலத்தில் வானம் மட்டும் இருக்கும். வீடு, களம், மாடு, சாமைக்கதிர் யாவும் கவனமாக நீக்கப்பட்டிருக்கும்.

ஜீப் திரும்பிய பின் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். விருப்பக்குறிகள் நூற்றைத் தாண்டிய நாளில் பாட்டோடு நுழைவாள். ஐம்பதுக்குக் கீழிருந்தால், சுவரைப் பார்த்து அமர்ந்துவிடுவாள். என் மனைவி வானிலை கேட்பவள்போல் கேட்பாள்.

“இன்னிக்கு எத்தினிடி?”

“முப்பத்தி நாலும்மா.”

“முப்பத்தி நாலா? நம்ம ஊரையே வாசல்ல நிக்க வெச்சாலும் அத்தினி பேரு தேறாதேடி!”

“உங்களுக்குப் புரியாதும்மா. போன வாரம் எங்க செட்டுல ஒருத்தி சும்மா காப்பித் தம்ளர் படம் போட்டா. இருநூறு. நான் ஒரு தம்ளர் பெறலன்னு தானே அர்த்தம்?”

இதைக் கேட்டு நகைத்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் என் பங்கை மறைப்பது முறையாகாது. அப்படங்களின் கீழே வரும் வாசகங்களை எழுதியவன் நானே. “ஐயா, நல்ல தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க” என்று ஒருமுறை அவள் கேட்டாள். ‘முகிலோடு முகமாய்’ என்று தொடங்கி எழுதிக் கொடுத்தேன். நூற்று நாற்பத்து மூன்று விருப்பக்குறிகள் வந்தன. மறுநாளிலிருந்து அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவள் வேலையாய் இருக்கும்போது கைபேசியை என்னிடம் விட்டுப் போவாள். நானும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவேன். நண்பகல் ஜீப்பின் ஒலி கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போவதை, கால் மரத்துப்போகாமல் இருக்க நடக்கும் நடை என்று மனைவியிடம் விளக்கியிருந்தேன்.

“அந்த நூத்தி நாப்பத்தி மூணும் உங்க வரிக்கு வுழல. மூஞ்சிக்கு வுழுந்தது” என்று மனைவி சொன்னதை நான் திறனாய்வாகக் கொள்ளவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு திருமண அழைப்பு வந்தது. விடுதியில் அவளோடு மூன்றாண்டுகள் ஓரறையில் இருந்த உயிர்த்தோழிக்குக் கண்ணமங்கலத்தில் திருமணம். அழைப்பைக் கண்டு முதல் நாள் துள்ளினாள். இரண்டாம் நாள் எந்தப் புடவை என்று ஆராய்ந்தாள். மூன்றாம் நாள், போகப்போவதில்லை என்று அறிவித்துவிட்டாள். அதன்பின் சோறும் இறங்கவில்லை, பேச்சும் எழவில்லை.

அவளுடைய தந்தை என்னிடம் வந்தார். அதிகம் பேசும் இயல்பினர் அல்லர். “ரெண்டு நாளா துன்னல சாரு. போகமாட்டேன்னு அழுவுது. ஏன்னு கேட்டா அதுக்கும் அழுவுது. இன்னா தான் ஆச்சு?” என்றார்.

எனக்கும் தெரியவில்லை. என் மனைவிதான் அதை வெளியே கொண்டுவந்தாள்.

“உயிரு சிநேகிதின்ற. அவ கல்யாணத்துக்கே போகமாட்டேன்ற. இன்னாடி கேடு உனக்கு?”

“போனா கண்டுபுடிச்சிடுவாங்கம்மா.”

“யாரைடி?”

“என்னைத்தான்.”

பின்னர் அழுகையின் இடையிடையே விளக்கம் வந்தது. வகுப்புத் தோழியர் அனைவரும் அத்திருமணத்துக்கு வருகிறார்கள். இரண்டாண்டுகளாக அவர்கள் பார்த்திருப்பது படத்துப் பெண்ணை. அவளைவிட இரண்டு பங்கு கறுத்து, வெயிலில் உரிந்த மூக்கோடு இவள் போய் நின்றால், “இவளா அவ?” என்று கண்ணாலேயே கேட்பார்களாம். அதைவிட, போகாமலே இருந்து, ‘வேலை மிகுதி’ என்று சொல்லிவிடுவது மானம். ‘வேலை மிகுதி’ எனில் அவர்கள் நம்பவும் செய்வர். ஏனெனில், அவர்கள் அனுப்பும் செய்திகளுக்கு இவளுடைய மறுமொழி எப்போதும் ஒரு நாள் கழித்தே போகும். ஜீப்பின் கால அட்டவணையை அறியாத தோழியர், இவள் ஏதோ பெரிய நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பில் இருப்பதாக நம்பியிருந்தனர். இவளும் அதை மறுத்ததில்லை.

நான் தேறுதலாக இரண்டு மூன்று பொருள் பொதிந்த தொடர்களைக் கூறினேன். அவள் அழுகையை நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பணிவோடு கேட்டு முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அழுதாள்.

திருமணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் நிகழ்ந்தது என் பிழை.

சாமை அறுவடை முடிந்து களத்தில் வேலை மும்முரமாய் இருந்தது. முந்தைய நாள் மாலை, அவள் முறத்தில் சாமை அரிசி புடைத்துக்கொண்டு நின்றபோது, அவளுடைய கைபேசியிலேயே என் மனைவி விளையாட்டாக ஒரு படம் எடுத்திருக்கிறாள். தலையில் துண்டு. உமித்தூசு படிந்த முகம். தழும்பு தெரியப் புருவத்தை உயர்த்தி, ‘எடுக்காதீங்கம்மா’ என்று வாய் திறந்த நிலை. அவளே எடுத்து மெருகேற்றி வைத்திருந்த வானப் படமும் அதற்கு அடுத்து இருந்தது. காலையில் கைபேசியை என்னிடம் தந்து, “கடைசியா இருக்கற படம் ஐயா, ரெண்டு வரி எழுதிப் போட்டுட்டு பைல வெச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டாள்.

நான் திறந்தேன். கடைசிப் படத்தில், வழக்கத்தைவிட மெருகு மிகுந்து படப்பக்கத்துப் பெண்ணாகவும் தோன்றாத யாரோ ஒரு வெளிறிய பெண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணமகள் அனுப்பிய படமாக இருக்கும் என்று கருதி அதைத் தள்ளினேன். அடுத்ததில் எங்கள் பெண் நின்றாள். ‘புடைத்தெடுத்த பொழுது’ என்று இரண்டே சொல்லில் வாசகம் எழுதி, அதன் சுருக்கத்தை நானே வியந்து, அழுத்தி, கைபேசியைப் பையில் இட்டேன். ஜீப் புறப்பட்டது.

கால் மணி கழித்து அவள் தண்ணீர் குடிக்க வந்தாள்.

“போட்டுட்டீங்களா ஐயா?”

“போட்டாயிற்று. முறம் பிடித்த படம் மிக நன்றாக வந்திருக்கிறது.”

அவள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. “எந்த முறம்?” என்றாள். பின் விடையை எதிர்பாராமல், “ஐயோ, ஐயோ, என் மானமே போச்சு” என்று குறுக்குத்தடத்தில் ஓடத் தொடங்கினாள்.

குறுக்குத்தடம் என்பது மூன்றாம் வளைவுக்கு நேரே இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஆடுகளுக்கும் இளையோருக்கும் உரியது. பிழை என்னுடையதாதலால் நானும் இறங்கினேன். அறுபத்தெட்டு அகவையில் வேட்டியை மடித்துக் கட்டி நான் இறங்கிய வேகத்தை ஓட்டம் என்று கூறினால் ஓட்டம் வருந்தும். முள் நிறைந்த உண்ணிப்புதர் என் மேல்துண்டைக் கேட்டது, கொடுத்துவிட்டேன். வழியில் விறகு சுமந்து வந்த ஒருவர் பதைத்து, “இன்னா சாரு, யாருக்கு இன்னா ஆச்சு?” என்றார். “ஒரு படம் போய்விடும்போல் இருக்கிறது” என்றேன். அவர் விறகை இறக்கி வைத்துவிட்டு ஆழ்ந்த துயரத்தோடு என்னைப் பார்த்தார்.

வளைவை அடைந்தபோது ஓட்டுநர் கைப்பிடிச் சுவரின்மேல் கைபேசிகளை வரிசையாகக் கிடத்தி, வடகத்துக்குக் காவல் இருப்பவரைப்போல் அமர்ந்திருந்தார். ஒவ்வொன்றும் முறைவைத்துக் கனைத்துக்கொண்டிருந்தது.

“அண்ணா, என்து! பச்ச நூலு!” என்று கத்திக்கொண்டே அவள் போய்ப் பாய்ந்தாள்.

“தோ கீது. அது வந்ததும் மேய ஆரம்பிச்சிடுச்சி. இன்னாம்மா, நீயே வந்துட்ட? சாரு வேற செருப்பு அறுந்து நிக்கறாரு?”

படம் போய்விட்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். முகத்தில் அச்சம் இருந்தது. சற்றுப் பொறுத்து அது வேறொன்றாக மாறிற்று.

“பதினொண்ணு” என்றாள்.

“என்ன?”

“பதினோரு லைக்கு தான் வந்துருக்கு ஐயா. அரை மணி நேரமா தொங்குது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.”

உலகமே தன்னைப் பார்த்து நகைக்கும் என்று அஞ்சி மலைச்சரிவில் ஓடிவந்தவள், உலகம் திரும்பியே பார்க்கவில்லை என்று அறிந்ததும் கொண்ட சினத்தை என்னால் மறக்க இயலாது. “இவ்ளோ நாளு இவங்களுக்கா நான் பவுடர் பூசுனேன்?” என்றாள். பிறகு, “எப்படியும் அழிச்சிடறேன்” என்று விரலை நீட்டினாள். அந்நொடியில் கைபேசி ஒலித்தது. மணமகள்.

எடுக்காதிருக்க முயன்றாள். விரல் பதற்றத்தில் எடுத்துவிட்டது. அத்தோழியின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. சுவரின் மறுகோடியில் இருந்த எனக்கும் ஓட்டுநருக்கும் தெளிவாகக் கேட்டது.

“அடியேய்! அந்த மொறம் புடிச்சிக்கினு நிக்கறது நீ தானே?”

“...ஆமா.”

“அது இன்னாது, சாமையா?”

“ஆமாண்டி. அது வந்து... சும்மா, லீவுல...”

“உங்க வூட்டுதா?”

“எங்க வூட்டுது தான்.”

“படுபாவி! மூணு வருசம் ஒரே ரூம்ல குந்தினு இருந்தியே, ஒரு வார்த்த சொன்னியா? எனக்கு வரப்போற மாமனாருக்கு சக்கரைடி. அரிசிய வுட்டுட்டு சாமை துன்னுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கடையில வாங்குனா பாதி கல்லு. அந்த மனுசன் சாப்புட்டு முடிக்கறதுக்குள்ள வூடே நறநறன்னுது. நீ கல்யாணத்துக்கு வரப்ப பத்து கிலோ கொண்டா. நீ பொடச்சதையே கொண்டா.”

“நான் வரலாமான்னு...”

“இன்னா வரலாமான்னு? புதுப் பொண்ணு மொத நாளே மாமனார் கிட்ட நல்ல பேரு வாங்க வேணாமா? நீ வர்ற, சாமை வருது. அப்புறம் ஒரு நாளு கூட ஒடனே ரிப்ளை போடாத பெரிய மனுசியே, இன்னா வேலைடி பார்க்கற நீ? கலெக்டரா?”

அவள் என்னைப் பார்த்தாள், ஓட்டுநரைப் பார்த்தாள், சுவரின்மேல் கிடந்த கைபேசி வரிசையைப் பார்த்தாள்.

“எங்க ஊர்ல டவரு இல்லடி” என்றாள். “போனை ஜீப்புல ஏத்தி அனுப்புவோம்.”

மறுமுனையில் எழுந்த சிரிப்பு நெடுநேரம் ஓயவில்லை. இவள் முதலில் சினந்தாள், பின் சிரித்தாள், பின் சுவரில் ஏறி அமர்ந்து கால்களை ஆட்டியபடி, பேசாதிருந்த இரண்டு நாள் பேச்சையும் பேசித் தீர்த்தாள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து ஏறினார்கள். ஓட்டுநர் மந்தையை மீண்டும் பையில் அடைத்தார். பச்சை நூல் கட்டியதை மட்டும் விட்டுவிட்டு ஜீப் இறங்கிற்று.

மேலே ஏறுகையில், “அழித்துவிட்டாயா அம்மா?” என்று கேட்டேன்.

“சார்ஜ் போய்டுச்சி ஐயா. அதான் முடில” என்றாள்.

மின்கலத்தில் நாற்பது விழுக்காடு மீந்திருந்ததை நான் கண்ணாடி அணிந்த கண்ணாலேயே கண்டேன். மறுத்துரைக்கவில்லை. அறுந்த செருப்பைக் கையில் ஏந்தியவனுக்கு வாதிடும் தகுதி குறைவு.

எனினும் அவள் மனம் முற்றும் தெளிந்துவிட்டதாக எண்ண வேண்டா. சாமையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவதாகத்தான் புறப்பட்டாள். மண்டபத்தின் வாயிலில் மூட்டையை வைத்துவிட்டு, வெளியே நின்றே மணமகளை அழைக்கலாமா என்று என் மனைவியிடம் இருமுறை கேட்டாள். துணைக்கு நானும் மனைவியும் சென்றோம்; முந்தைய இரவு மூவரும் கண்ணமங்கலத்தில் என் தம்பி வீட்டில் தங்கினோம். அங்கே இருந்த ஒரே கண்ணாடியை அவளிடமிருந்து மீட்டு நான் முகம் மழித்துக்கொண்டது ஒரு தனிப்போர்.

காலையில் மண்டபத்து வாயிலில், பட்டுப்புடவையோடும் பத்துக் கிலோ சாமை மூட்டையோடும் அவள் நின்றாள். உள்ளிருந்து மூன்று பெண்கள் ஓடிவந்தனர். முதலில் வந்தவள் உரக்க, “ஏய், மொறம் வந்துட்டாடி!” என்றாள்.

எங்கள் பெண் விழித்தாள். மெல்லிய குரலில், “நீங்க யாரு?” என்றாள்.

“இன்னாது? நானு யாரா? ரெண்டு வருசமா என் படத்துக்கு ஆர்ட்டின் ஆர்ட்டினா போட்டுட்டு, யாருன்னு கேக்கறியா?”

அவள்தான் காப்பித் தம்ளர்ப் பெண். இருநூறு விருப்பக்குறிக்கு உரியவள். படத்தில் அவள் கூரிய முகவாயினள். நேரில் உருண்டை முகமும் இரட்டை நாடியும் உடையவள். அடுத்து வந்தவளுடைய கூந்தல் படத்தில் இடைவரை இருந்தது. திருமணத்துக்கு அதைக் கொண்டுவர மறந்திருந்தாள். மூன்றாமவள் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ள நேர்ந்தது. மூன்றாண்டு ஒரே மேசையில் உண்டவர்கள், ஒருவர் முகத்தை மற்றவர் உற்று நோக்கிப் பழைய அடையாளங்களைத் தேடிக்கொண்டிருந்தனர். ஐயத்துக்கு இடமின்றி எல்லோராலும் அறியப்பட்டவள், உமி படிந்த முகத்தோடு நான்கு நாளுக்கு முன் காட்சி தந்த எங்கள் பெண் ஒருத்திதான்.

“நீ மட்டும் அப்படியே கீறடி” என்றாள் இரட்டை நாடிக்காரி, குறைகூறும் தொனியில்.

“அப்படியே எங்க? மூக்கு உரிஞ்சிருக்கு பாரு” என்றாள் இவள், மூக்கைத் தானே நீட்டிக் காட்டி.

திருந்தினர் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தாலி கட்டி முடிந்ததும் நால்வரும் சேர்ந்து படம் எடுத்தனர். யாருடைய கைபேசியின் மெருகு சிறந்தது என்று கால் மணி நேரம் வழக்காடினர். முடிவில் ஒரு தாய் வயிற்றில் ஒரே நாளில் பிறந்தாற்போன்ற நான்கு வெண்ணிறப் பெண்கள் திரையில் தோன்றினர். வாசகம் வேண்டுமா என்று நான் ஒருமுறை அருகில் சென்று இருமினேன். எவரும் திரும்பவில்லை.

மணமகளின் மாமனார் பந்தியில் சாமை மூட்டையைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். வருவோர் போவோரிடமெல்லாம் ஒரு பிடி அள்ளிக் காட்டி, “பாருங்க, ஒரு கல்லு கீதா?” என்று வினவினார். “யாரு பொடச்சது?” என்று அவர்கள் கேட்க, அவர் கைநீட்டிய திசையில் எங்கள் பெண் இலையிலிருந்து தலை நிமிராமல் பாயசத்தைக் குடித்தாள். காது வரை சிவந்திருந்தாள். அந்நிறம் எந்த மெருகிலும் இல்லாதது.

பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் பேருந்து. என் மனைவி அவளைத் தேடிப் பிடித்தாள்.

“கெளம்புடி. கொடுத்துட்டு உடனே வந்துடுவேன்னியே?”

“நீங்க போங்கம்மா. நான் நாளைக்கு வர்றேன். இவங்கல்லாம் இருக்கச் சொல்றாங்க. இன்னும் ஒண்ணுமே பேசலம்மா நாங்க.” என்னிடம் திரும்பி, “ஐயா, வூட்ல சொல்லிடுங்க. போன் பண்ணா அங்க போவாது” என்றாள். நான் தலையசைப்பதற்குள் இரட்டை நாடிக்காரி அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

ஊர் வந்து சேர்ந்ததும், களத்தில் நின்றிருந்த அவளுடைய தந்தையிடம் செய்தியைச் சொன்னேன். அவர் தூற்றிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

“வர்லியா? ஏன் சாரு, உடம்பு கிடம்பு சரியில்லியா?”

“நன்றாக இருக்கிறாள். தோழியர் விடவில்லை. அவளும் கிளம்ப மாட்டேன் என்கிறாள்.”

அவர் என்னை ஐயத்தோடு நோக்கினார்.

“போகமாட்டேன்னு இங்க ரெண்டு நாளு அழுதுச்சே, அதே பொண்ணு தானே சாரு?”

“அவளேதான்” என்றேன்.